17 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு கம்ப்யூட்டர்

“மேசையை அடைக்காம, சின்னதா ஒரு சிஸ்டம் அசெம்பிள் பண்ணித் தாங்க மேடம்.”

என்னிடம் வருகிறவர்களில் பலர் இப்போது இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். பாலிடெக்னிக் ஒன்றில் ஹார்டுவேர் லேப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது பெரம்பூரில் வீட்டு மாடியில் உட்கார்ந்து, கேட்கிறவர்களுக்குக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கிறேன். பாகங்களை ரிச்சி தெருவில் வாங்குகிறேன். சின்னது வேண்டும் என்று வருகிறவரிடம் ப்ராசஸரையும் பட்ஜெட்டையும் அப்புறம்தான் பேசுவேன். முதல் கேள்வி, “இந்தக் கம்ப்யூட்டர்ல என்னென்ன செருகப் போறீங்க?”

இதை முதலில் கேட்கக் காரணம் இருக்கிறது. பெரிய மதர்போர்டில் ஒரு குறை இருந்தால் பின்னால் சரிக்கட்டிக்கொள்ளலாம். வைஃபை இல்லையா, ஒரு கார்டு வாங்கிச் செருகலாம். யுஎஸ்பி போதவில்லையா, அதற்கும் ஒரு கார்டு. ஹார்டு டிஸ்க் அதிகமாகிவிட்டதா, சாட்டா கார்டு. மிகச் சின்ன போர்டில் கார்டு செருக ஒரே ஒரு ஸ்லாட்தான். அதில் கிராபிக்ஸ் கார்டு உட்கார்ந்துவிட்டால் வேறெதற்கும் இடமில்லை. வாங்குகிற அன்றைக்கு அந்த போர்டில் இல்லாதது, கம்ப்யூட்டரின் ஆயுள் முழுக்க இல்லாததுதான். சின்ன போர்டு வாங்குகிறவர் பின்னால் எதையெல்லாம் சேர்க்க முடியாது என்று முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். மற்ற கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

மூன்று அளவுகள்

கடையில் ‘ஏடிஎக்ஸ்’, ‘மைக்ரோ’, ‘மினி’ என்று மூன்று பெயர்கள் காதில் விழும். 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர். 1997இல் வந்த மைக்ரோ ஏடிஎக்ஸ், இரண்டு பக்கமும் 244. மூன்றாவதான மினி ஐடிஎக்ஸ், தைவானின் வியா நிறுவனம் 2001இல் அறிவித்தது. இரண்டு பக்கமும் 170 மில்லிமீட்டர், அதாவது 17 சென்டிமீட்டர். பரப்பளவைப் பெருக்கிப் பார்த்தால் மைக்ரோவில் பாதிகூட இல்லை.

வியா இதைக் கொண்டுவந்தது கேம் விளையாடுகிறவர்களுக்காக அல்ல. சூடாகாத, மின்சாரம் அதிகம் குடிக்காத ப்ராசஸர்களை அது செய்துகொண்டிருந்தது. அவற்றை போர்டிலேயே பற்றவைத்து, சிறு கருவிகளுக்குள் வைக்கத்தக்க கம்ப்யூட்டராக விற்றது. 2008இல் இன்டெல்லும் ஆட்டம் ப்ராசஸர் பற்றவைத்த மினி ஐடிஎக்ஸ் போர்டு ஒன்றை வெளியிட்டது. பிறகுதான் மேசைக் கம்ப்யூட்டருக்கான முழு வலிமை ப்ராசஸர்களைப் பொருத்தும் சாக்கெட்டுகள் இந்த அளவில் பரவலாகின. குறைந்த சூட்டுக்காக வகுத்த ஒரு சதுரத்தில் இன்றைக்கு நாம் பெருஞ்சூட்டை ஏற்றிக்கொண்டிருக்கிறோம். மினி போர்டின் தொல்லைகளில் பாதி இங்கிருந்தே வருகிறது.

ஒரு நல்ல ஏற்பாடும் உண்டு. மினி போர்டின் நான்கு திருகு ஓட்டைகளும் ஏடிஎக்ஸ் கேபினெட்டில் உள்ள ஓட்டைகளோடு பொருந்தும். அதனால் சின்ன போர்டைப் பெரிய கேபினெட்டில் பூட்டலாம். பெரியதைச் சின்னதில் பூட்ட முடியாது.

இவற்றைவிடச் சிறியதும் இருக்கிறது. மினி எஸ்டிஎக்ஸ் என்ற 147க்கு 140 மில்லிமீட்டர் வகை. ஏஎஸ்ராக் நிறுவனத்தின் டெஸ்க்மினி இந்த வகை. அதில் கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட் கிடையாது. வீட்டுக் கணக்கு, படிப்பு, அலுவலக வேலை என்றால் அதுவே தாராளம்.

நம் கடைகளில் கிடைக்கும் மலிவான மைக்ரோ போர்டுகளையும் கவனியுங்கள். பெயர்தான் 244 மில்லிமீட்டர். செலவைக் குறைக்க அகலத்தை 185 அளவுக்கு நறுக்கியிருப்பார்கள். மினியின் 170க்கும் இதற்கும் விரற்கடைதான் வித்தியாசம். ஆனால் இந்த ஒல்லி போர்டுகளின் வலது ஓரத்தில் திருகு ஓட்டை வராது. அந்த ஓரம் அந்தரத்தில் நிற்கும். 24 பின் மின்இணைப்பை அழுத்தும்போது அடியில் ஒரு விரல் கொடுத்துத் தாங்காவிட்டால் போர்டு வளையும்.

இரண்டு ராம் போதுமா?

மினி போர்டில் ராம் ஸ்லாட் இரண்டுதான். கேட்டவுடன் குறைபோலத் தோன்றும். டிடிஆர்5 காலத்தில் இது பெரிய குறை இல்லை. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் கணக்கைப் பாருங்கள். இரண்டு ராம் செருகினால் வேகம் 5200 வரை. நான்கு செருகினால் 3600தான். நான்கு ஸ்லாட் இருக்கும் போர்டிலும் விவரம் தெரிந்தவர்கள் இரண்டோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான். 48 ஜிபி ராம்கள் கிடைப்பதால் இரண்டு ஸ்லாட்டிலேயே 96 ஜிபி வரை போகலாம்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இப்போதைக்கு ஒரு ராம், பிறகு இன்னொன்று என்று தள்ளிப்போட்டால், இரண்டு ராம் சேர்ந்து தரும் இரட்டைச் சேனல் வேகம் கிடைக்காது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸை நம்புகிறவருக்கு அந்த இழப்பு கண்ணுக்கே தெரியும். 16 ஜிபி வேண்டும் என்றால் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள்.

எம்.2 ஸ்லாட் விஷயம் வேறு. என்விஎம்இ எஸ்எஸ்டி உட்காரும் இடம் அது. மினி போர்டுகளில் ஒன்று மேலே இருக்கும். இரண்டாவது பெரும்பாலும் போர்டின் அடிப்பக்கம். கேபினெட்டின் அந்தப் பக்கத்தில் திறப்பு இல்லையென்றால், அடியில் இருக்கும் எஸ்எஸ்டியை மாற்ற முழு போர்டையும் கழற்ற வேண்டும். அடி எஸ்எஸ்டியை முதல் நாளே பூட்டிவிடுவது என் வழக்கம். இன்டெல் பக்கத்தில் ஹெச்610 சிப்செட் போர்டுகள் பலவற்றில் எம்.2 ஒன்றுதான் இருக்கும். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர் அந்த ஒன்றில் ஆறு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார்.

போர்டின் முதுகு

கடைக்காரர் போர்டை எடுத்து வைத்ததும் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள்: மின்னும் விளக்கு, கறுப்பு வண்ணம், ஹீட்சிங்க்கின் அழகு. நான் திருப்பி முதுகைப் பார்ப்பேன். யுஎஸ்பி எத்தனை? கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், வெப்கேமரா, யுபிஎஸ் என்று எண்ணினாலே ஐந்து ஆகிவிடும்.

அடுத்தது மானிட்டர். உங்கள் ப்ராசஸரில் கிராபிக்ஸ் இல்லையென்றால் போர்டில் இருக்கும் ஹெச்டிஎம்ஐ வெறும் ஓட்டைதான். இன்டெல்லில் பெயரின் முடிவில் ‘எஃப்’ வந்தால் கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5 5600இல் இல்லை, 5600ஜியில் உண்டு. ரைசன் 5 7600இல் எளிய கிராபிக்ஸ் உண்டு, 7500எஃப்பில் இல்லை. டிவியில் 4கே படம் பார்க்கத்தான் கம்ப்யூட்டர் என்றால் ஹெச்டிஎம்ஐ எந்தப் பதிப்பு என்றும் கேட்க வேண்டும். பழைய தலைமுறை மலிவு போர்டுகள் சிலவற்றில் 1.4 பதிப்பு இருக்கும். அதில் 4கே காட்சி விநாடிக்கு 30 சட்டகம்தான் வரும். மவுஸை நகர்த்தினாலே தடுமாற்றம் தெரியும்.

வைஃபையில் மினி போர்டுகளுக்குத்தான் சாதகம். அவற்றில் பெரும்பாலும் வைஃபை போர்டிலேயே வந்துவிடும். மலிவான மைக்ரோவில் தனியாக வாங்க வேண்டும். விலையை ஒப்பிடும்போது இதையும் கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டிய பிறகும் அதே சிப்செட் உள்ள மினி போர்டு, மைக்ரோவைவிட நன்றாகவே விலை கூடியதாக இருக்கும். அந்தச் சின்னச் சதுரத்தில் எல்லாவற்றையும் அடைக்க அதிக அடுக்குகள் கொண்ட பலகை வேண்டும். விற்பனை எண்ணிக்கையும் குறைவு. சிறியது என்பதால் விலையும் சிறியதாக இருக்கும் என்று நினைத்து வருகிறவர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் சுருங்கும்.

கடைக்காரர்கள், சிறுதொழில் செய்கிறவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். எலக்ட்ரானிக் தராசு, பழைய பில்லிங் மிஷின் போன்றவை காம் போர்ட் என்கிற பழைய வகை இணைப்பைக் கேட்கும். சில மைக்ரோ போர்டுகளில் முதுகில் இல்லாவிட்டாலும் போர்டின் மேல் அதற்கான பின்களின் வரிசை இருக்கும். ஒரு வயர் வாங்கி வெளியே இழுத்துக்கொள்ளலாம். கேம் விளையாடுகிறவர்களை மனதில் வைத்துச் செய்த மினி போர்டுகளில் இதை எதிர்பார்க்காதீர்கள்.

சென்னை வெயிலுக்கு ஒரு கேள்வி

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து வருவது 12 வோல்ட். ப்ராசஸருக்கு வேண்டியது ஏறக்குறைய 1.2 வோல்ட். இடையில் நின்று குறைத்துத் தருவது விஆர்எம் என்கிற பகுதி. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் ஊருக்குச் செய்யும் வேலையை இது ப்ராசஸருக்குச் செய்கிறது. 65 வாட் ப்ராசஸருக்கே 50 ஆம்பியருக்கு மேல் கொடுக்க வேண்டும். அதனால் அதுவும் சுடும்.

‘65 வாட்’ என்று பெட்டியில் போட்டிருப்பதை அப்படியே நம்பக் கூடாது. அது அடிப்படை அளவுதான். இன்டெல் கோர் ஐ5 12400 முழு வேகத்தில் 117 வாட் வரை எடுக்கலாம். கோர் ஐ7 14700க்கு அடிப்படை 65 வாட், உச்சம் 219 வாட். ஹீட்சிங்க்கே இல்லாத விஆர்எம் கொண்ட ஒரு சின்ன ஹெச்610 போர்டில் ஐ7 பூட்டினால் புகை வராது, எதுவும் எரியாது. ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஐ7க்குப் பணம் கொடுத்தவர் ஐ5 வேகத்தில் வேலை செய்துகொண்டிருப்பார், அவருக்குத் தெரியவே தெரியாது. மே மாதச் சென்னையில், ஏசி இல்லாத அறையில், பெட்டிக்குள் போகும் காற்றே 38, 40 டிகிரியில் இருக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் விமர்சனங்களில் இந்தக் கணக்கு வராது.

எனவே என் விதி: ஹீட்சிங்க் இல்லாத விஆர்எம் என்றால் ஐ3 அல்லது ஐ5ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐ7, ரைசன் 7 என்று போனால் பி760, பி650, பி850 போன்ற சிப்செட்டில், விஆர்எம் மேல் கனமான ஹீட்சிங்க் உள்ள போர்டாகப் பாருங்கள்.

பெட்டியை முதலில் அளந்துகொள்ளுங்கள்

சின்ன போர்டு வாங்கினால் சின்னக் கம்ப்யூட்டர் வந்துவிடாது. பெட்டியின் அளவைத் தீர்மானிப்பதில் கிராபிக்ஸ் கார்டுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் போர்டுக்குச் சமமான பங்கு உண்டு. வழக்கமான ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் 150 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம், குறைந்தது 140 மி.மீ. நீளம். சின்னப் பெட்டிகள் கேட்கும் எஸ்எஃப்எக்ஸ் வகை 125, 63.5, 100. அதன் விலை கூடுதல். கிடைக்கும் கடையும் குறைவு. ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது கெட்டுப்போனால் பக்கத்துக் கடையில் மாற்று கிடைக்காது. திருநெல்வேலிக்கோ தர்மபுரிக்கோ கம்ப்யூட்டரைக் கொண்டுபோகிறவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்லிவிடுவேன்.

கூலரின் உயரமும் அப்படித்தான். 120 மி.மீ. ஃபேன் வைத்த டவர் கூலர்கள் ஏறக்குறைய 155, 160 மி.மீ. உயரம் இருக்கும். பல மினி கேபினெட்டுகளில் மூடி மூடாது. மினி போர்டில் சாக்கெட், ராம், கிராபிக்ஸ் ஸ்லாட் மூன்றும் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதால், கூலர் ராம் மேல் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கேபினெட்டின் முன்பக்கம் யுஎஸ்பி-சி ஓட்டை இருந்தால் போர்டில் அதற்கான தனி இணைப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஓட்டை அலங்காரம்தான்.

கடையில் நிற்கும்போது

‘சின்ன போர்டு’ என்று மட்டும் கேட்டால் சில இடங்களில் ஹெச்61 போர்டை எடுத்து நீட்டுவார்கள். பார்க்கச் சின்னது, புதுப் பெட்டி, விலை சிரிக்கும்படி இருக்கும். அந்தச் சிப்செட் 2011இல் வந்தது. அதில் உட்காருவது இன்டெல்லின் இரண்டாம், மூன்றாம் தலைமுறை ப்ராசஸர். ‘ஐ5 சிஸ்டம்’ என்று விற்கப்படும் மிக மலிவான அசெம்பிள் பெட்டிகளில் பல இதுதான். விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. ஐ5 என்ற பெயரை விட்டுவிட்டு எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள்.

பயாஸைப் பற்றியும் கேளுங்கள். பி660, ஹெச்610 போர்டுகள் 12ஆம் தலைமுறைக்காக வந்தவை. பழைய ஸ்டாக்கில் 14ஆம் தலைமுறை ப்ராசஸரைப் பூட்டினால் திரை இருட்டாகவே நிற்கலாம். பழைய பி650 போர்டில் ரைசன் 9000 பூட்டினாலும் அதே கதை. ப்ராசஸர் இல்லாமலே பென்டிரைவ் வழியாகப் பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் சில போர்டுகளின் முதுகில் இருக்கும். அது இல்லையென்றால், “பயாஸ் அப்டேட் பண்ணிக் குடுங்கண்ணே” என்று கடையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது இன்டெல்லிலும் ஏஎம்டியின் புதிய ஏஎம்5 சாக்கெட்டிலும் பின்கள் ப்ராசஸரில் இல்லை, போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன. ஒரு பின் வளைந்தாலும் வாரண்டி போயிற்று. சாக்கெட்டை மூடிவரும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைக் குப்பையில் போடாதீர்கள். வாரண்டிக்குப் போகும்போது அது கேட்கப்படும். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். “பில் இல்லாம எடுத்துக்கோங்க, விலை குறைச்சுத் தர்றேன்” என்பது நெடுநாள் பாட்டு. சின்ன போர்டில் எல்லாம் ஒரே பலகையில் இருக்கிறது. அது போனால் வைஃபை, சவுண்டு, லேன் எல்லாம் சேர்ந்து போகும். அந்த பில்தான் உங்களுக்குத் துணை.

யாருக்கு எது?

கடைக் கல்லாவுக்கும் டேலிக்கும்: ஒல்லியான ஹெச்610 மைக்ரோ போர்டு, ஐ3. காம் போர்ட் பின்வரிசை இருப்பதாகப் பார்த்து எடுங்கள். மினி தேவையே இல்லை.

வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் வைக்க, பிள்ளைகள் படிக்க, கொஞ்சம் கேம் விளையாட: ஏஎம்5 சாக்கெட்டில் ரைசன் 5 8600ஜி. அதனுள்ளேயே ரேடியான் 760எம் கிராபிக்ஸ் இருக்கிறது. தனிக் கார்டு வேண்டாம் என்பதால் பெட்டி உண்மையிலேயே சின்னதாகும். மினி ஐடிஎக்ஸுக்கு நான் தயங்காமல் தலையாட்டும் இடம் இது. ஏஎம்5ஐ 2027 வரைக்கும் அதற்கு அப்பாலும் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருப்பதால், பிறகு ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு.

விடுதி மாணவர், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலில் போக வேண்டும், பெரிய கேம்களும் வேண்டும்: நல்ல விஆர்எம் உள்ள பி650 அல்லது பி760 மினி, எஸ்எஃப்எக்ஸ் எஸ்எம்பிஎஸ், தனி கிராபிக்ஸ் கார்டு. செலவு கூடும். தெரிந்தே செய்யுங்கள். ரயிலேறும் முன் கார்டைக் கழற்றித் தனியாகப் பொதியுங்கள்.

எடிட்டிங், பல டிஸ்க்குகள், பல கார்டுகள்: மைக்ரோ ஏடிஎக்ஸ். இதில் விவாதமே இல்லை.

வெறும் மின்னஞ்சல், வேர்டு, பிரவுசர் மட்டும்: அசெம்பிளே செய்யாதீர்கள். பெரிய நிறுவனங்கள் விற்கும் ஒரு லிட்டர் அளவு குட்டிக் கம்ப்யூட்டர்கள் இதற்காகவே செய்யப்பட்டவை. அவற்றின் போர்டு அந்தந்த நிறுவனத்துக்கே உரிய வடிவம், கெட்டால் வெளிச்சந்தையில் மாற்று கிடைக்காது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். இன்றைக்குச் செருகப்போவது என்ன, மூன்று ஆண்டுக்குள் செருக நேரக்கூடியது என்ன, கம்ப்யூட்டரை வைக்கப்போகும் இடத்தின் நீளம், அகலம், உயரம் எவ்வளவு. மூன்றாவது வரியை டேப்பால் அளந்தே எழுதுங்கள். அந்த இடத்தில் மைக்ரோ நுழையும் என்றால் மைக்ரோவையே வாங்கி, மிச்சப் பணத்தை எஸ்எஸ்டியிலோ நல்ல எஸ்எம்பிஎஸ்ஸிலோ போடுங்கள். நுழையவே நுழையாது என்றால் மட்டும் மினி வாங்குங்கள்.